மேசை விரிப்பின்மேல் வாழைக்குலை: கோகன் வரைந்த தாஹிட்டி

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ‘சாப்பாடு’ என்ற பெயரில் ஓர் ஓவியம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891இல் பசிபிக் கடலின் தாஹிட்டித் தீவில் போய் இறங்கிய சில மாதங்களுக்குள் வரைந்தது. ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் சிவப்பேறிய வாழைக்குலை, பெரிய மரத்தொட்டி, சுரைக்குடுக்கை, சில பழங்கள், ஒரு கத்தி. பெயர்தான் சாப்பாடு; பிள்ளைகளில் ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. ‘அசையக் கூடாது’ என்று புகைப்படக்காரர் அதட்டி உட்கார வைத்ததைப்போல் ஓரக்கண்ணால் எங்கோ பார்க்கிறார்கள்.

அந்த வாழையைச் செவ்வாழை என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பெயர் ஃபேயி. பசிபிக் தீவுகளின் வாழை. நம் ஊர் வாழையைப்போல் அதன் தார் தலைகுனிந்து தொங்காது, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பழத்தைப் பெரும்பாலும் சுட்டோ வேகவைத்தோதான் உண்பார்கள். அடுப்பைக் காணாத குலையை அப்படியே மேசையில் கிடத்திச் ‘சாப்பாடு’ என்று பெயர் வைத்தால், அந்த ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். மேசையும் விரிப்புமே அந்த வீடுகளின் வழக்கம் அல்ல. தரையில் இலைகளைப் பரப்பி உணவை வைத்து உண்டவர்கள் அவர்கள். விரிப்பின் விறைப்பான மடிப்புகள் தீவில் விளைந்தவை அல்ல. அவற்றில் பிரெஞ்சு ஓவியர் செசானின் சாயல் இருக்கிறது. செசான் வரைந்த பழத்தட்டு ஓவியம் ஒன்றைக் கோகன் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். கையில் காசில்லாத நாட்களிலும் அதை விற்க மனம் வராமல் இருந்தவர்.

பழங்களும் பிள்ளைகளும் தீவினுடையவை. மேசை ஐரோப்பாவினுடையது. இந்த ஏற்பாட்டைத்தான் கோகன் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் விதவிதமாகச் செய்துகொண்டிருந்தார் என்பது என் எண்ணம். அவருடைய படங்களைத் தீவு வாழ்க்கையின் பதிவு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். எல்லாமே கற்பனை என்று ஒதுக்கினாலும் ஏமாந்துபோவோம். எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

கோகன் பிறந்தது 1848இல், பாரிஸில். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் தாய்வழி உறவினர்களோடு பெரு நாட்டின் லிமா நகரில் கழிந்தன. பிறகு கப்பல் வேலை, பிறகு பாரிஸில் பங்குத் தரகு. டென்மார்க்கைச் சேர்ந்த மெட்டேயை 1873இல் மணந்து ஐந்து பிள்ளைகள் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தூரிகை பிடித்துக்கொண்டிருந்தவரை 1882இன் பங்குச்சந்தை வீழ்ச்சி முழுநேர ஓவியராக்கியது. குடும்பம் கோபன்ஹேகனுக்குப் போனது, அவர் அங்கே நிலைக்கவில்லை. 1887இல் மார்ட்டினிக் தீவில் சில மாதங்கள். 1888இன் இறுதியில் ஆர்ல் நகரில் வான் கோவுடன் ஒன்பது வாரங்கள்; அது எப்படி முடிந்தது என்பது ஊரறிந்த கதை. பிரான்ஸின் பிரெட்டனி பகுதியில் இருந்தபோதுதான் அவருடைய கை அவருக்கு வசப்பட்டது. கண் கண்ட ஒளியைச் சிறு சிறு தீற்றல்களாகப் பிடிக்கும் இம்ப்ரெஷனிச வழியை விட்டு, தட்டையான பெரிய வண்ணப் பரப்புகள், அவற்றைச் சுற்றி அழுத்தமான கோடு என்று ஜப்பானிய அச்சுப் படங்களையும் தேவாலயக் கண்ணாடி ஓவியங்களையும் நினைவூட்டும் ஒரு பாணிக்கு வந்து சேர்ந்தார். அவரையும் செசானையும் வான் கோவையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் ‘பின் இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று பெயர் சூட்டியது 1910இல் லண்டனில் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சி. அப்போது மூவருமே உயிரோடு இல்லை.

தாஹிட்டி ஆசை எங்கே முளைத்தது? 1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியைச் சொல்லலாம். ஈஃபில் கோபுரம் எழுந்த அதே கண்காட்சி. அங்கே பிரான்ஸ் தன் காலனிகளைக் குட்டி கிராமங்களாகக் கட்டி வைத்து, ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியிருந்தது. டச்சுக்காரர்களின் ஜாவாவும் இருந்தது. கோகன் அங்கே திரும்பத் திரும்பப் போனார். வெப்பத்தீவில் காசில்லாமல் வாழலாம், பழம் மரத்தில் தொங்கும், மீன் கடலில் துள்ளும், பெண்கள் காதலுக்காகவே பிறந்தவர்கள் என்றெல்லாம் காலனி விளம்பர எழுத்துகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பங்குச்சந்தையில் பழகிய ஒருவர் விளம்பரத்தை இப்படி நம்பினார் என்பதுதான் வேடிக்கை. 1891 பிப்ரவரியில் தன் படங்களை ஏலம் விட்டார்; பத்தாயிரம் பிராங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. தீவின் வாழ்க்கையை வரைய அரசின் அனுமதிக் கடிதம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் 1 அன்று மார்செய் துறைமுகத்தில் கப்பலேறினார்.

ஜூன் மாதம் பப்பேட்டே துறைமுகத்தில் இறங்கியவரை ஊர் வேடிக்கை பார்த்தது. தோள்வரை தொங்கிய தலைமுடி, அகன்ற தொப்பி. ஆணாகப் பிறந்து பெண்ணின் வழியில் வாழும் மாஹு என்பவர்கள் அந்தச் சமூகத்தில் இடம் பெற்றவர்கள். புதிதாக வந்த பிரெஞ்சுக்காரரும் அந்த வகையோ என்று பேசிச் சிரித்தார்கள். கோகன் முடியை வெட்டிக்கொண்டார். வந்து சில நாட்களிலேயே, ஜூன் 12 அன்று, கடைசி மன்னர் ஐந்தாம் பொமாரே இறந்துபோனார். பழைய தாஹிட்டியின் கடைசி மூச்சு அதோடு அடங்கியது என்று கோகன் எழுதினார். உண்மையில் அந்த மூச்சு எப்போதோ அடங்கிவிட்டது. லண்டன் மிஷனரிகள் வந்து இறங்கியது 1797இல். பிரான்ஸ் பாதுகாப்பு ஆட்சி என்று நுழைந்தது 1842இல். பொமாரே நாட்டையே எழுதிக் கொடுத்தது 1880இல். மராயே என்னும் கல்மேடைக் கோயில்கள் பாழடைந்திருந்தன, தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டோ கப்பலேறியோ போயிருந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களில் மக்கள்தொகை கரைந்திருந்தது. பெண்கள் கழுத்துவரை பொத்தான் போட்ட, கணுக்கால்வரை தொங்கும் தொளதொளத்த நீண்ட உடையில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது ஐரோப்பா, நான் தப்பித்து வந்த ஐரோப்பா என்று அவர் எரிச்சலோடு எழுதியது பப்பேட்டேயைப் பற்றித்தான். நகரை விட்டுச் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி மட்டாயேயாவில் ஒரு மூங்கில் குடிசையை வாடகைக்குப் பிடித்தார்.

அங்கேதான் பழம் மரத்தில் தொங்கும் என்ற விளம்பரத்தின் மறுபக்கம் தெரிந்தது. பழம் தொங்கத்தான் செய்தது, மலை ஏறத் தெரிந்தவர்களுக்கு. மீன் துள்ளத்தான் செய்தது, பவளப்பாறைக்கு அப்பால் படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு. கோகனுக்கு இரண்டும் தெரியாது. பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டுச் சாப்பாடு அனுப்பியதையும், வெட்கத்தில் முதலில் மறுத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். மற்ற நாட்களில் ஊரில் இருந்த சீனர் கடையில் டப்பா உணவு வாங்கிப் பிழைத்தார்.

அந்தச் சீனர் கடை அங்கே எப்படி வந்தது என்பது ஒரு கிளைக்கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் உலகச் சந்தையில் பருத்தி கிடைக்காமல் போன 1860களில், மட்டாயேயாவுக்கு அருகே அட்டிமாவோனோவில் ஒரு பெரும் பருத்தித் தோட்டம் போட்டார்கள். தீவுக்காரர்கள் கூலிக்கு வரத் தயாராக இல்லை. தென்சீனாவிலிருந்து சுமார் ஆயிரம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். போர் முடிந்து பருத்தி விலை விழுந்தது, தோட்டம் நொடித்தது. தங்கிவிட்டவர்களில் பலர் கடை வைத்தார்கள். மலாயாவுக்கும் இலங்கை மலையகத்துக்கும் ஃபிஜிக்கும் நம்மவர்கள் கப்பலேறிய அதே நூற்றாண்டு. கோகனின் தாஹிட்டிப் படங்களில் சீனக் கடைக்காரரையோ பருத்திக் கூலியையோ நான் தேடிப் பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. அவருக்குச் சோறு போட்ட கடை அவருடைய தீவில் இல்லை.

வேண்டாததைத் துடைத்துவிட்டால் வெற்றிடம் வருமே, அதை நிரப்ப வேண்டுமே. நிரப்பிய சரக்கு பல திசைகளிலிருந்து வந்தது. பழைய தெய்வங்களைப் பற்றிச் சொல்ல மட்டாயேயாவில் ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. பப்பேட்டே வழக்கறிஞர் ஒருவரிடம் கோகன் ஒரு பழைய நூலை இரவல் வாங்கினார். பெல்ஜியத்தில் பிறந்து தாஹிட்டியில் தூதராக இருந்த மோரன்ஹூட் 1837இல் வெளியிட்ட பயண நூல் அது. அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தெழுதி, இடையிடையே படம் வரைந்து, ‘பழைய மஹோரி வழிபாடு’ என்று ஒரு கையேடு தயாரித்தார். பிறகு ‘நோவா நோவா’ என்ற நூலில், அதே புராணங்களைத் தன்னோடு வாழ்ந்த இளம்பெண் இரவு படுக்கையில் சொன்னதாக மாற்றிவிட்டார். நோவா நோவா என்றால் நறுமணம். மணம் தீவினுடையது, பக்கங்கள் மோரன்ஹூட்டினுடையவை.

கல்தெய்வங்களின் கதையும் இதுதான். ‘அரேயாரேயா’ ஓவியத்தில் ஒரு பெண் குழல் ஊதுகிறாள், முன்னால் செம்மஞ்சள் நிற நாய் ஒன்று மண்ணை முகர்கிறது, தூரத்தில் பெண்கள் பெரிய சிலை ஒன்றின் முன் வழிபடுகிறார்கள். அப்படியொரு சிலை தாஹிட்டியில் இல்லை. தீவின் பழைய தெய்வ உருவங்கள் பெரும்பாலும் சின்னஞ்சிறியவை. புத்தர், ஈஸ்டர் தீவின் கல்முகங்கள், நூலில் வாசித்த ஹினா என்ற நிலாத் தெய்வம் எல்லாவற்றையும் குழைத்துக் கோகனே செய்த தெய்வம் அது. பாரிஸ்காரர்கள் 1893இல் இந்தப் படத்தைப் பார்த்தபோது சிலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாய் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டுத்தான் சிரித்தார்கள்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய படம் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ‘இயா ஓரானா மரியா’, அதாவது ‘வாழ்க மரியே’. சிவப்புப் பூத்துணி உடுத்திய தாஹிட்டிப் பெண் தோளில் பிள்ளையைச் சுமந்து நிற்கிறாள். இருவர் தலையையும் சுற்றி மெல்லிய ஒளிவட்டம். மஞ்சள் சிறகுள்ள தேவதை மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. நடுவில் இரண்டு பெண்கள் மரியாளைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். முன்னால் படையலாக வாழைக்குலை. தமிழ் வாசகருக்கு அந்தக் கைகூப்பல் உறுத்தவே உறுத்தாது. வேளாங்கண்ணியிலும் மடுவிலும் பார்த்த காட்சிதானே என்று கடந்துபோய்விடுவோம். ஆனால் தாஹிட்டியில் அப்படி வணங்கும் வழக்கம் இல்லை. கோகன் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன பெட்டியில் ஜாவாவின் போரோபுதூர் புத்தக் கோயில் புடைப்புச் சிற்பங்களின் புகைப்படங்கள் இருந்தன. காசிக்குப் போகும் வழியில் புத்தரை எதிர்கொண்டு வணங்கும் துறவிகள் அதில் ஒரு காட்சி. அந்தத் துறவிகளின் நிற்கும் நிலையையும் கைகளையும் எடுத்து இரண்டு தாஹிட்டிப் பெண்களுக்குக் கொடுத்தார். காசி வழியில் தொடங்கிய ஒரு வணக்கம், ஜாவாவில் கல்லாகி, கேமராவில் காகிதமாகி, பசிபிக் நடுவில் கத்தோலிக்க மாதாவின் முன்னால் வந்து நிற்கிறது.

‘தா மத்தேதே’ என்ற சந்தைக் காட்சியில் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஐந்து பெண்களின் முகம் பக்கவாட்டில், உடல் நேராக இருக்கும். எகிப்தியக் கல்லறை ஓவியம். அதன் புகைப்படமும் அவரிடம் இருந்தது. அவர்களில் ஒருத்தியின் கையில் உள்ள காகிதத்தை, துறைமுகப் பாலியல் தொழிலாளர்கள் காட்ட வேண்டியிருந்த மருத்துவச் சான்று என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அது சரியென்றால், மூவாயிரம் ஆண்டுப் பழைய தோரணைக்குள் பப்பேட்டே நகராட்சியை நுழைத்திருக்கிறார். ‘பப்பே மோயே’ ஓவியத்தின் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. மலையில் நடந்துபோகும்போது அருவியில் நீர் குடிக்கும் இளம்பெண்ணைத் தற்செயலாகக் கண்டதாக நோவா நோவாவில் உருகி எழுதியிருக்கிறார். சார்ல்ஸ் ஸ்பிட்ஸ் என்ற பப்பேட்டே புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்றில், அதே பாறை, அதே நீர்த்தாரை, அதே வளைவில் ஒருவர் குனிந்து நீர் குடிக்கிறார். படம் கடையில் விலைக்குக் கிடைத்தது.

திருட்டு என்று சொல்லிவிடலாமா? அவருடைய மூத்த நண்பர், ஓவியர் பிஸாரோ சொல்லத்தான் செய்தார். இந்த ஆள் எப்போதும் அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடுகிறார், இப்போது ஓசியானியத் தீவுக்காரர்களைச் சூறையாடுகிறார் என்று தன் மகனுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பொருந்துவதாகத் தெரியவில்லை. எல்லா ஓவியர்களும் எடுத்துத்தான் வரைகிறார்கள். கோகனிடம் பிடிக்காதது, எடுத்ததை மறைத்துவிட்டு ‘கண்டேன்’ என்று சொன்னது.

சரி, கண்டது எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால் உடைகளில்.

தாஹிட்டியில் அவர் முதலில் வரைந்த படங்களில் ஒன்று ‘பூவோடு இருக்கும் பெண்’. கோபன்ஹேகனில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அவர் கேட்டதும் மாட்டேன் என்று போய், பிறகு தன் நல்ல உடையை உடுத்திக்கொண்டு காதில் பூச்செருகித் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்த நல்ல உடை மிஷனரி கவுன். கருநீலம், கழுத்தில் வெள்ளைப் பட்டை. அவள் எப்படிப் பார்க்கப்பட விரும்பினாளோ அப்படி வந்தாள். அவர் அப்படியே வரைந்தார். அந்த முகத்தில் ஒரு ஜாக்கிரதை இருக்கிறது. தோள்கள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம்.

அதே 1891இல் வரைந்த ‘தாஹிட்டியின் பெண்கள்’ ஓர்சேயில் இருக்கிறது. கடற்கரை மணலில் இரண்டு பெண்கள். இடப்பக்கத்தவள் சிவப்பில் வெள்ளைப்பூ போட்ட பரேயு என்ற சுற்றுத்துணி அணிந்து, ஒரு கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறாள். வலப்பக்கத்தவள் இளஞ்சிவப்பு மிஷனரி கவுனில் சம்மணமிட்டு ஓலை நார் பின்னுகிறாள். இருவருக்கும் பேச்சு இல்லை. முகங்களில் ஒரு மத்தியான அலுப்பு. அடுத்த ஆண்டு இதே படத்தை அவர் மீண்டும் வரைந்தார். ‘பராவு அப்பி’ என்ற பெயரில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருப்பது அது. இரண்டாவது படத்தில் வலப்பக்கத்தவளின் கவுன் காணாமல் போய்விட்டது. அவளுக்கும் பூப்போட்ட பரேயு. முதல் படம் அவர் கண்டது. இரண்டாவது அவர் விற்க விரும்பியது. இரண்டையும் அருகருகே திரையில் வைத்துப் பார்த்தால், ஓராண்டில் ஒரு தீவு எப்படிக் களையப்படுகிறது என்று தெரியும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பரேயு என்ற அந்தப் பூத்துணியையும் நாம் ஆதிகால உடை என்று நினைத்துவிடுகிறோம். தாஹிட்டியின் பழைய துணி தப்பா. மரப்பட்டையை ஊறவைத்துத் தட்டித் தட்டிச் செய்வது. பரேயுவாகச் சுற்றிக்கொண்ட அச்சிட்ட பருத்தித் துணியோ ஐரோப்பிய ஆலைகளில் தீவுச் சந்தைக்கென்றே தயாராகிக் கப்பலில் வந்தது. மிஷனரி கவுன், பரேயு இரண்டுமே இறக்குமதிதான். ஒன்றை நாகரிகம் என்றும் மற்றதை இயற்கை என்றும் பிரித்தது ஓவியரின் கண். அதே துணியைத் தன் விருப்பப்படி இழுத்துச் சுற்றி, இடுப்பில் செருகி, ஊரின் உடையாக ஆக்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். மாம்பழமும் அப்படித்தான். ‘மாம்பழப் பெண்’, ‘அரசகுலப் பெண்’ என்று கோகனின் படங்களில் அது அடிக்கடி வரும். பார்ப்பவர்களுக்கு ஏதேன் தோட்டத்தின் கனிபோலத் தோன்றும். தாஹிட்டிக்கு மாமரம் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். கோகனைவிடச் சில பத்தாண்டுகள் முன்னால் குடியேறிய மரம் அது.

இனி தெஹாமனாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நோவா நோவாவில் தெஹூரா என்று வருபவள். அவளுக்குச் சுமார் 13 வயது, அவருக்கு 43. குதிரையில் ஒரு கிராமத்துக்குப் போனதும், பெண் தேடி வந்தேன் என்றதும், அம்மா சம்மதித்ததும், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்ததும் நாவல்போல் எழுதப்பட்டிருக்கின்றன. கல்யாணம் என்றே சொல்கிறார். சட்டப்படி மனைவி கோபன்ஹேகனில் ஐந்து பிள்ளைகளோடு இருந்தார். காலனியில் வெள்ளைக்காரர்கள் பலர் செய்ததுதான், அந்தக் காலத்து வழக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக இருந்தது என்பது எப்படிச் சமாதானமாகும் என்று எனக்குப் புரிந்ததில்லை. இரண்டாம் முறை வந்தபோது தாஹிட்டியின் புனாவியா ஊரில் பஹுரா, அவளுக்குச் சுமார் 14. மார்க்கேசஸ் தீவில் வாயேஓஹோ, அவளுக்கும் 14. மிஷன் பள்ளியிலிருந்து கூட்டிவரப்பட்டவள்.

தெஹாமனாவை வைத்து அவர் வரைந்த ‘மனாவோ துப்பப்பாவு’ இன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருக்கிறது. இருட்டு அறை. கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் சிறுமி, கால்கள் பின்னி, கைகள் தலையணையில் பதிந்து, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். பின்னால் கறுப்பு முக்காட்டில் ஒரு கிழவி உருவம், இறந்தவரின் ஆவி. துப்பப்பாவு என்னும் அந்த ஆவிக்குப் பயந்து இரவெல்லாம் விளக்கு எரியவிடுவது தீவின் வழக்கம். தான் பப்பேட்டேயிலிருந்து நள்ளிரவில் திரும்பியபோது விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோய் அவள் அப்படிப் பயந்து கிடந்தாள் என்பது நோவா நோவாவில் உள்ள கதை. தன் மகளுக்கென்று எழுதிய குறிப்பேட்டிலோ, ஒரு நிர்வாண உருவத்தை வரைய ஆசைப்பட்டேன், அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால் பயத்தைச் சேர்த்தேன் என்ற தோரணையில் விளக்குகிறார். தலைப்புக்கும் இரண்டு பொருள்: அவள் ஆவியை நினைக்கிறாள், அல்லது ஆவி அவளை நினைக்கிறது. அந்த அறையில் அவள் பயந்தது ஆவிக்குத்தானா என்று கேட்காமல் இன்று இந்தப் படத்தின் முன் நிற்க முடியாது. எதிரே கதவருகில் நின்றவர் யார் என்பது படத்தில் இல்லை. ஆனால் அவள் பார்வை போகும் இடத்தில்தான் அவர் நிற்கிறார்.

அவளுடைய இன்னொரு படம் சிகாகோவில் இருக்கிறது. 1893இல், பிரான்சுக்குத் திரும்பும் முன் வரைந்தது. ‘தெஹாமனாவுக்குப் பெற்றோர் பலர்’ என்று பெயர். கோடு போட்ட மிஷனரி கவுன், மேல் பொத்தான்வரை பூட்டியது. கையில் ஓலை விசிறி, தலையில் பூ, பக்கத்தில் இரண்டு மாம்பழம். பின்சுவரில் கோகன் கற்பித்த தெய்வமும், ஈஸ்டர் தீவின் இன்றுவரை வாசிக்கப்படாத எழுத்துகளைப் போன்ற குறிகளும். பின்னணி முழுவதும் பொய், முன்னால் இருப்பவள் உண்மை என்று எனக்குத் தோன்றுவது இந்தப் படத்தில்தான். அவள் முகத்தில் புன்னகை இல்லை, அழைப்பு இல்லை, பயமும் இல்லை. 1895இல் அவர் திரும்பி வந்தபோது அவளுக்கு வேறு கல்யாணம் ஆகியிருந்தது. வந்து பார்த்தாள், தங்கவில்லை.

நடுவில் பாரிஸ் கண்காட்சி. 1893 நவம்பரில் துராந்-ரியூயல் கூடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் தொங்கின, 11 விற்றன. தலைப்புகளைத் தாஹிட்டி மொழியிலேயே வைத்திருந்தார். யாருக்கும் புரியவில்லை. அவருக்கே அந்த மொழி அரைகுறை. பல தலைப்புகளில் பிழை உண்டு. மனைவிக்கு மட்டும் கடிதத்தில் பொருள் எழுதி அனுப்பி, இது உனக்கு, கேட்பவர்களுக்குச் சொல்ல என்று ரகசியம்போல் குறிப்பிட்டிருக்கிறார். புரியாமை அவருக்கு வியாபாரத்தின் ஒரு பகுதி.

1895இல் திரும்பவும் தாஹிட்டி. போகிற வழியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் அங்குள்ள அருங்காட்சியகத்தில் மாவோரி மரச்செதுக்கல்களைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். அவையும் பிறகு ‘தாஹிட்டி’ ஆயின. 1897இல் மகள் அலீன் இறந்த செய்தி வந்தது. உடம்பு சரியில்லை, கடன். அந்தக் குளிர்காலத்தில் (தாஹிட்டியில் ஏது குளிர்காலம், அவர் காலண்டரில் அது டிசம்பர்) சாக்குத் துணியில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு படம் வரைந்தார். ‘எங்கிருந்து வருகிறோம்? நாம் யார்? எங்கே போகிறோம்?’ பாஸ்டனில் இருக்கிறது. வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். வலது ஓரத்தில் தூங்கும் சிசு, நடுவில் பழம் பறிக்கும் உருவம், இடது ஓரத்தில் காதைப் பொத்திக் குந்தியிருக்கும் கிழவி. அந்தக் கிழவியின் தோரணை பாரிஸ் அருங்காட்சியகத்தில் அவர் கண்ட பெரு நாட்டு மம்மியினுடையது. முடித்தபின் மலைக்குப் போய் ஆர்செனிக் தின்றதாகவும், வாந்தி வந்து பிழைத்ததாகவும் நண்பர் மோன்ஃப்ரேய்க்கு எழுதினார். பிழைத்தவர் அடுத்து பப்பேட்டே பொதுப்பணித் துறையில் நாளுக்கு 6 பிராங்குக்கு வேலைக்குப் போனார். இந்தப் பகுதியை அவர் வரையவில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தில், ஹிவா ஓவா தீவின் அட்டுவோனா ஊரில். பாரிஸ் வியாபாரி வொல்லார் மாதம் 300 பிராங்க் அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். கத்தோலிக்க ஆயரிடம் நிலம் வாங்க, நல்ல பிள்ளையாகச் சில நாட்கள் பூசைக்குப் போனார். வாங்கியதும் ‘இன்ப இல்லம்’ என்று வாசலில் செதுக்கி வீடு கட்டினார். பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் சொன்னார், வரி கட்ட வேண்டாம் என்று ஊராரிடம் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் மீது புகார் எழுதப்போய், 1903 மார்ச்சில் அவதூறு வழக்கில் மூன்று மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறைக்குப் போகும் முன் மே 8 அன்று இறந்தார். பக்கத்து வீட்டு மார்க்கேசஸ் நண்பர் டியோக்கா வந்து, தங்கள் வழக்கப்படி உயிர் இருக்கிறதா என்று அவர் தலையில் கடித்துப் பார்த்தார். கோகன் தேடிக்கொண்டிருந்த பழைய வழக்கம் ஒன்று அன்று அவரிடம் வந்தது. வரைய அவர் இல்லை.

மிச்சமிருந்த பொருட்களைப் பப்பேட்டேயில் ஏலம் விட்டார்கள். பிரெட்டனி கிராமம் ஒன்றில் பனி பொழிந்திருக்கும் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘நயாகரா நீர்வீழ்ச்சி’ என்று ஏலக்காரர் கூவினார். விக்டர் செகாலன் என்ற கடற்படை மருத்துவர் 7 பிராங்குக்கு எடுத்தார். அந்த ஏலத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, கோகன் 1892இல் வரைந்த ‘எப்போது உனக்குக் கல்யாணம்?’ என்ற படம் சுமார் 21 கோடி டாலருக்குக் கைமாறியது. அதிலும் முன்னால் பரேயு அணிந்தவள், பின்னால் கழுத்துவரை மூடிய இளஞ்சிவப்புக் கவுன் அணிந்தவள்.

அண்மைக் காலத்தில் தீவுக்காரர்களே பதில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஜப்பானிய, சமோவா வழித்தோன்றலான கலைஞர் யூக்கி கிஹாரா 2022 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் நியூசிலாந்து அரங்கை நிரப்பினார். கோகனின் படங்களைச் சமோவாவில் மீண்டும் அரங்கேற்றிப் புகைப்படம் எடுத்தார்; தாஹிட்டியின் மாஹுவுக்கு இணையாகச் சமோவாவில் வாழும் ஃபாஃபஃபீனே சமூகத்தவர் அதில் இடம்பெற்றார்கள். அதே மரம், அதே பழம், அதே தோரணை, ஆனால் கேமராவைப் பார்க்கும் கண்களில் ‘எங்கள் வீட்டில் எங்கள் விருப்பப்படி உட்கார்ந்திருக்கிறோம்’ என்ற நிதானம். கோகனின் உருவங்கள் சில, தாமஸ் ஆண்ட்ரூ சமோவாவில் எடுத்த பழைய புகைப்படங்களிலிருந்து வந்தவை என்பது கிஹாராவின் வாதம். கோகனே பப்பேட்டேயில் இறங்கிய அன்று மாஹு என்று சிரிக்கப்பட்டவர் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது.

அட்டுவோனாவில் கோகன் பெயரில் ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. அவர் இறந்து நூறாண்டு ஆனதையொட்டி 2003இல் திறந்தார்கள். இன்ப இல்லத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், சுவர்களில் அவருடைய படங்களை மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் நகல்கள். தாஹிட்டியில் பப்பேயாரி என்ற ஊரில் 1965இல் தொடங்கிய கோகன் அருங்காட்சியகமும் பெரும்பாலும் நகல்களோடுதான் நடந்தது, 2013இல் மூடப்பட்டது. தெஹாமனாவின் ஊர்க்காரர் ஒருவர் அவளை நேரில் பார்க்க விரும்பினால், டிக்கெட் எடுத்துச் சிகாகோவுக்குப் போக வேண்டும்.